எத்தினை வரி, அம்மா?

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் தமிழ் டியூஷன் நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள்தான் வருவார்கள். என் வகுப்புக்கு ஒரு மதிப்பு இருந்ததென்றால் அது என் மாதிரிக் கட்டுரைகளால் வந்தது. 'மழை நாள்', 'நான் விரும்பும் பிராணி', 'ஒரு குடை பேசுகிறது' என்று நாற்பதுக்கு மேல் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் அவற்றைப் பாடமாக்கினார்கள். புதிய தலைப்பு வந்தால் பழைய முதல் பந்தியை அதற்கு எப்படிப் பொருத்துவது என்பதையும் நானே பழக்கினேன்.

என் மகளுக்கு ஒன்பது வயதானபோது அவளையும் அந்த வகுப்பில் உட்கார வைத்தேன். மற்றப் பிள்ளைகள் குறை சொல்லக்கூடாதென்று, வகுப்பில் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். ஓம் என்றாள்.

அதற்கு முன் அவள் கதை விடுவாள். எங்கள் லிஃப்டுக்கு ஐந்தாம் மாடி ஆன்ரியைப் பிடிக்காது, அவ ஏறினால் மட்டும் கோபத்தில் நின்றுவிடுகிறது என்பாள். அதைக் கலண்டர் தாளின் பின்பக்கம் பிழை பிழையாக எழுதி, குசினிக் கதவில் ஒட்டுவாள். ஒரு நாள் அந்தப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்தேன். அதன் பிறகு அவள் கதவில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. பழையபடி கதை எழுதட்டுமென்று, விடுமுறையில் கோடில்லாத கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

"உனக்கு விருப்பமானதை எழுது, பிள்ளை."

"எத்தினை வரி, அம்மா?"

"கணக்கில்லை. ஒரு வரியெண்டாலும் சரி."

"தலைப்பு?"

"நீயே வை."

"புள்ளி போடுவீங்களோ?"

"இல்லையம்மா. இது சும்மா, விளையாட்டுக்கு."

அரை மணித்தியாலம் கழித்துக் கொண்டுவந்து நீட்டினாள். 'எங்கள் வீட்டில் ஒரு நாய் உண்டு. அது நன்றியுள்ள பிராணி.' எங்கள் வீட்டில் நாய் இல்லை. அந்தக் கட்டடத்தில் நாய் வளர்க்கவே விடமாட்டார்கள். வசனங்கள் எல்லாம் என்னுடையவை, காற்புள்ளி உட்பட.

அடுத்த நாள் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கல்லில் இருத்தி, என்ன தெரிகிறது, சொல்லு என்றேன். "கடல் நீல நிறமானது. அலைகள் கரையை முத்தமிடுகின்றன" என்றாள். முதல் நாள் பெய்த மழையில் கடல் சேற்று நிறமாக, பிளாஸ்டிக் போத்தல்களைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டிருந்தது.

"வடிவாப் பார். எங்கையடி நீலம்?"

அவள் கடலைப் பார்க்கவில்லை. சரியான விடை என் முகத்தில் இருப்பதுபோல என்னையே பார்த்தாள்.

பிறகு ஆளுக்கொரு வரியாகக் கதை எழுதும் விளையாட்டு. நான் நூடில்ஸ் தின்னும் பேயொன்றைக் கொண்டுவந்தேன். அவள் யோசித்து, கதையை இப்படி முடித்தாள்: 'ஆகவே நாம் அனைவரும் பேய்களைப் பாதுகாப்போமாக.' நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பகிடிக்கு எழுதியதல்ல அது. கட்டுரை அப்படித்தான் முடிய வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

என் கணவர் புதுக்கடை நீதிமன்றத்தடியில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞர். அவரிடம் சொல்லி அழுதேன். "இப்ப அழுது என்ன? நீர்தானே பழக்கினனீர்" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

அந்தக் கிழமை முழுவதும் எனக்கு வேறு நினைவில்லை. சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. அவளை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். "ஒரு கதை எழுதிப்போட்டு வெளியில வா. சந்தோஷமா எழுது!" என்று கத்தினேன். கத்திக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. கதவைத் திறந்தேன். தாள் கண்ணீரில் நனைந்து கிடந்தது. அதில் இரண்டு சொற்கள்: 'மன்னிக்கவும் ரீச்சர்.'

அன்று நான் சமைக்கவில்லை.

மறுநாள் காலை அவளே வந்தாள். "நீங்கள் ஒண்டு எழுதிக் காட்டுங்கோ. நான் பாத்து எழுதுறன்."

உட்கார்ந்தேன். முதல் வரி எழுதி வெட்டினேன். இன்னொன்று எழுதினேன். மூன்றாவதைத் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தவள், "இது பன்ரண்டாம் கட்டுரையில இருக்கு" என்றாள். உண்மைதான். பேனையை வைத்தேன். இத்தனை வருடமும் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளிடம் சொந்தமாக ஒரு வரி இல்லை.

"எனக்கும் எழுதத் தெரியாது, பிள்ளை."

அவள் முகத்தில் பயம் தெரிந்தது. "அப்ப ஆர் சொல்லித்தருவினம்?"



புதிய தவணையில் மாதிரிக் கட்டுரை கொடுப்பதை நிறுத்தினேன். விரும்பியதை எழுதுங்கள், திருத்தமாட்டேன் என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டாம் கிழமையே ஒரு தாய் வாசலில் வந்து நின்றா. "ரீச்சர், விளையாட்டெல்லாம் சரி. பரீட்சைக்கு என்ன எழுதுறது?" அவவிடம் கோபிக்க எனக்கு என்ன தகுதி? பாதிப் பிள்ளைகள் பம்பலப்பிட்டியில் வேறு வகுப்புக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களும் தலைப்புக் கேட்கிறார்கள்.

மகளிடம் எழுதச் சொல்வதை விட்டுவிட்டேன். போன வியாழக்கிழமை பாடசாலையால் வந்து, சாப்பாட்டு மேசையில் இடக்கையால் தாளை மறைத்துக்கொண்டு ஏதோ எழுதினாள்.

"என்னம்மா அது?"

"காட்டமாட்டன்."

கதையா, வீட்டுப்பாடமா, என்னைப் பற்றிய முறைப்பாடா, தெரியவில்லை. எட்டிப்பார்க்கக் கை கால் துடித்தது. குசினிக்குப் போய், கழுவின கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.