முட்டியில் மட்டும் முடியுள்ள புல்

ஸ்வேல் பள்ளத்தாக்கில் வீடு வீடாகத் தபால் போடுகிறவர் என் அத்தை வின்னி ஆல்டர்சன். ஒவ்வொரு வேலிக்கதவிலும் வேனை நிறுத்தி, முதலில் அங்கிருக்கும் புல்லைக் கன்னத்தில் தடவிப் பார்ப்பார். கடிதமெல்லாம் அப்புறம்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அத்தைக்கு அந்தச் சந்தேகம் ஒரு நாளும் வந்ததில்லை.

அவருக்கு வேண்டியது ஊர்க் கண்காட்சியில் முதல் பரிசுக்கான சிவப்பு அட்டை. ஒரே குவளையில் ஐந்து வகைக் காட்டுப்புல் வைக்க வேண்டும். அந்த அட்டை எப்போதும் செம்மறி வளர்க்கும் கிளிஃபர்ட் கோட்ஸ் வீட்டுக்கே போகும். போன வருடம் அத்தைக்கு இரண்டாம் பரிசான நீல அட்டைதான். அதில், 'உயரம் சீராக இல்லை' என்று ஒரு குறிப்பு வேறு.

விடுவாரா? இந்த ஜூலையில் கண்காட்சித் திடலிலேயே நின்று எல்லாப் புல்தாள்களையும் ஒரே மட்டமாகக் கத்தரித்தார். அடித்துண்டுகளைப் பக்கத்துப் பட்டியிலிருந்த கிளிஃபர்டின் கடாவுக்கு வீசினார்.

நடுவர் ஹார்க்கர் அம்மாள் லென்ஸோடு வந்தார். "இதுவும் இதுவும் ஒண்ணுதானே? ரெண்டுமே பனிமூட்டப் புல். அப்ப நாலு வகைதான் இருக்கு. போட்டியில சேராது."

"ஐயோ மேடம்! பனிமூட்டத்துக்கு உடம்பு பூரா வெல்வெட்டு, அடியில பைஜாமா மாதிரி ரோஸ் கோடு. மத்தது மென்புல். அதுக்கு முட்டியில, அதான் கணுவுல, மட்டுந்தான் முடி!"

"மேல பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. கதிரோட மீசையும் உதிர்ந்து போச்சு. முட்டிய காட்டுங்க."

அத்தை குவளையைப் பார்த்தார். கணு ஒன்றுகூட மிச்சமில்லை.

"முட்டி கடா வாயில இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நடுவர் பின்னால் ஓடினார். நானும்.

கிளிஃபர்ட் தன் கடாவுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாயைத் திற!"

"நானா?"

"நீ எதுக்கு? உன் கடா!"

"வின்னி, இப்பத்தான் குளிப்பாட்டி நிறுத்தியிருக்கேன். அடுத்த போட்டி இவனுக்குத்தான்."

கடாவின் உதட்டோரம் ஒரே ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. கிளிஃபர்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தபடியே தாடையைப் பிடித்துக் கொடுத்தார். நடுவர் வைக்கோலில் மண்டியிட்டு, கடாவின் மூக்குக்கு நேரே லென்ஸை நீட்டினார்.

"தண்டு வழவழன்னு இருக்கு. கணுவுல மட்டும் தாடி. மென்புல்லேதான்!"

அவர் எழுந்திருப்பதற்குள் கடா அந்தத் தாளை விழுங்கிவிட்டது. அட்டை சிவப்பு! அத்தை நடுவரைக் கட்டிக்கொண்டார், என்னைக் கட்டிக்கொண்டார், கடைசியில் கடாவையும் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை தபால் வேனில் நானும் போனேன். கிளிஃபர்ட் வேலிக்கதவில் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டு நின்றிருந்தார். "இது என்ன வகைன்னு சொல்லு பாப்போம்."

அத்தை நிதானமாகக் குனிந்து பார்த்தார். பிறகு கழுத்து, கை எல்லாம் பார்த்தார்.

"சந்தேகமே இல்ல, பனிமூட்டம்" என்று சொல்லி, கடிதத்தைக் கையில் திணித்தார்.