நாலாய்ப் பிரிந்த கோலாக் கொட்டை

ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டாப் பகுதியில் சத்தியபாமா கடை திறந்தபோது முருங்கைக்காயும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் விற்பதுதான் நோக்கம். கோலா என்றொரு மரம் இருப்பதே ஒபின்னா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவன் கடைக்கு வந்துபோகும் நைஜீரியாக்காரன், பஸ் ஓட்டுபவன். அதன் கொட்டையை மென்றால் நித்திரை அண்டாது, பசி தெரியாது என்றான். அவள் லண்டனிலிருந்து கொஞ்சம் எடுப்பித்தாள். வந்த வேகத்தில் விற்றுப் போனது.

2006 மாசியில் அவனுடைய தங்கைக்குக் கல்யாணம். சத்தியபாமா நல்லதாகப் பொறுக்கி ஒரு பை கொடுத்தாள். ஒபின்னா ஒன்றைப் பிளந்து பார்த்துவிட்டுத் தயங்கினான்.

"இது இரண்டாகப் பிரிகிற சாதி. மெல்லத்தான் உதவும்" என்றான் நோர்வேஜிய மொழியில். "சபைக்கு நாலாகப் பிரிகிறது வேண்டும். அது வேறு மரம். அதை வைத்துக் கும்பிடாமல் எங்கள் ஆட்கள் கல்யாணப் பேச்சையே எடுக்கமாட்டார்கள்."

லண்டன் வியாபாரி கையை விரித்துவிட்டார். சத்தியபாமா கடை கடையாகத் தொலைபேசி எடுத்தாள்.

"அவையின்ர கலியாணத்துக்கு நீ ஏனப்பா ஓடித் திரியிறாய்?" என்றான் கணவன் ஸ்ரீதரன்.

"எங்கட வீட்டுக் கலியாணத்துக்கு வெத்திலை இல்லையெண்டால் சும்மா இருப்பியளோ?"

ஸ்ரீதரன் தொலைபேசியை அவளிடமிருந்து வாங்கினான். லண்டனில் இருக்கும் தம்பி மகேசனுக்குத் தானே அழைப்பு எடுத்தான். மகேசன் ஆபிரிக்கச் சந்தைகளில் அலைந்து பிடித்து, ஈர இலையில் சுற்றி, கல்யாணத்துக்கு முதல்நாள் விமானத்தில் கொண்டுவந்து சேர்த்தான்.

மறுநாள் வெளியே கடும் உறைபனி. குளிர் பட்டால் கொட்டை கறுத்துப்போகும் என்று பொதியைக் கம்பளிச் சட்டைக்குள் அணைத்தபடியே சத்தியபாமா டி-பானா சுரங்க ரயிலில் போனாள்.

மண்டபத்தில் மரத்தட்டில் வைத்த கொட்டைகள் கைமாறிக் கைமாறிச் சபையைச் சுற்றி வந்தன. மூத்தவர் ஒருவர் ஒன்றை உயர்த்திப் பிடித்து, வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் சேர்த்து நெடுநேரம் வேண்டினார். பிறகு ஓர் இளைஞன் அதைப் பிளந்தான். சத்தியபாமா எட்டிப் பார்த்தாள்.

நான்கு துண்டுகள்.

சபை அதிர்ந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். "இதைக் கொண்டுவந்தது யார்?" என்று பெரியவர் கேட்க, ஒபின்னா அவளை முன்னே அழைத்துப் போனான். பெரியவர் எழுந்து நின்று அவள் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்தார். மென்றபோது முதலில் கசந்தது, மெல்ல மெல்ல நாக்கில் ஓர் இனிப்பு ஊறியது.

மேளம் தொடங்கியது. மணப்பெண்ணின் சித்திமார் இழுத்த இழுப்பில், தன் கல்யாணத்தில்கூட ஆடாத சத்தியபாமா, காஞ்சிபுரச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு சபை நடுவே இறங்கினாள்.