டிக்கியில் இல்லாத ஜாக்கி

பதினோரு வருடம் ஓட்டிய காரை எக்ஸ்சேஞ்சில் விடுவது என்று முடிவானதும், ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் காரோடு வந்தவை. வலது பக்கம் நான் பிறகு வாங்கிப் போட்டவை. மொத்தம் இருபத்து மூன்று பொருள்கள். அவற்றில் ஒன்பது என்னுடையவை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ஸ்டோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன் நான். வேலையை விட்டுப் போகிறவர்கள், வாங்கிய கருவிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்த பிறகுதான் என்னிடம் கையெழுத்து வாங்க முடியும். கம்பெனியுடையது கம்பெனிக்கு, அவரவருடையது அவரவருக்கு. ஒரு ஸ்பேனருக்காக ஒருவரை மூன்று நாள் அலையவிட்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. அதே முறையைத்தான் காருக்கும் வைத்துக்கொண்டேன்.

சீட் கவரையும் ஸ்டீரியோவையும் விட்டுவிடச் சொன்னாள் மனைவி. "கழட்டிக் கொண்டாந்து எங்க மாட்டப் போறீங்க, சோபாவுலயா?" அவற்றை விட்டேன். காற்றடிக்கும் சிறிய பம்பை எடுத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு ஒட்டும் வெயில் மறைப்பு நான்கையும் எடுத்துக்கொண்டேன். ஜாக்கியையும் எடுத்துக்கொண்டேன். காரோடு வந்த ஜாக்கி மரை தேய்ந்து ஆறாம் வருடமே பழைய இரும்புக்குப் போய்விட்டது. இது நான் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஹைட்ராலிக் ஜாக்கி. ஆகவே வலது பக்கம்.

இதில் நான் வசதியாகத் தாண்டிப் போன ஒன்று உண்டு. ஜாக்கியை எடுப்பதற்கு நான்கு நாள் முன்னால், பூந்தமல்லியில் உள்ள கார் விற்பனை யார்டிலிருந்து ஒருவர் ஆவடியில் எங்கள் வீட்டுக்கு வந்து காரைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். அங்கே எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஸ்டோர் கீப்பராக இருந்ததை அவரிடம் சொல்லிக்கொண்டேன். டிக்கியைத் திறந்து, "ஸ்டெப்னி கீது, ஜாக்கி கீது, ஸ்பேனர் கீது" என்று சொல்லிச் சொல்லிப் படிவத்தில் டிக் போட்டார். மேற்கண்டவை வண்டியோடு சேரும் என்று அடியில் ஒரு வரி அச்சாகியிருந்தது. அதை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

காரை ஒப்படைத்த அன்று யார்டில் பாய்தான் இருந்தார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை நான் பிடித்து இழுப்பதைப் பார்த்து, "இருங்க சார், ஒடச்சிடுவீங்க" என்று ஒரு நரம்பு நூலை அடியில் கொடுத்து அறுத்து, பூப்போல எடுத்து என் மனைவியின் கையில் கொடுத்தார். "சாமி உங்களோடது. அத நாங்க கேக்க மாட்டோம்."

டிக்கியைத் திறந்து பார்க்கவில்லையா என்று நானே கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஸ்டோர் கீப்பரா இருந்தவரு வண்டிய ரெண்டாவது தபா பாத்தா எனக்குத்தான் அசிங்கம் சார்" என்றார்.

நான் சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய கார் வாசலில் வந்து நின்றது. அதை வாங்கிய பாரிவாக்கத்துக்காரர், பழைய ஆர்சி நகலில் முகவரி பார்த்து வந்திருந்தார். கூட மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும்.

"பெரியவரே, தப்பா நெனச்சிக்காதீங்க. போன வாரம் அவுட்டர் ரிங் ரோட்ல பஞ்சர். டிக்கியத் தொறந்தா ஸ்டெப்னி கீது, ஸ்பேனர் கீது, ஜாக்கி இல்ல. கொழந்தைய வெச்சிக்கினு ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னோம். நீங்க வண்டி குடுக்கசொல்ல ஜாக்கி இருந்துச்சா?"

யோசிக்க நேரமில்லை என்று சொல்ல மாட்டேன். குழந்தை கேட்டின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. ஏழு கம்பி தொடும் வரை யோசித்தேன்.

"யார்டுலேர்ந்து வந்து பாத்து எழுதினப்போ இருந்துச்சு" என்றேன்.

அவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன்ல? பாய்தான் ஆட்டையப் போட்டுக் கீறான்."

"அவரைப் பாத்தா அப்படித் தெரியலயே" என்றாள் அந்தப் பெண்.

"பாத்தா தெரியற மாரியா திருடுவாங்க? நாளைக்குக் காலைல ஓனராண்ட சொல்லி, அந்தாள வேலைய உட்டுத் தூக்கினாத்தான் எனக்கு மனசு ஆறும்."

ஜாக்கி எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கேட்டிலிருந்து பதினான்கு அடி. குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கார் தெருமுனை திரும்பியதும் சொன்னாள்: "நீங்க சொன்னது பொய் இல்ல. அதான் எனக்குக் கூசுது."

நான் தாளை எடுத்து வலது பக்கத்தைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

மறுநாள் ஜாக்கியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். யார்டுக்குள் நுழையும்போது பாரிவாக்கத்துக்காரர் எனக்கு முன்பே வந்திருந்தார். ஓனர் நாற்காலியில் இருந்தார். கார் பார்க்க வந்த மூன்று பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் கையில் படிவத்தோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வருகிறது.

"சாரே வந்துட்டாரு. சொல்லுங்க சார், அன்னிக்கு நான் டிக்கியத் தொட்டேனா?"

பையை மேசைமேல் வைத்து ஜாக்கியை எடுத்தேன். "மறதியில என்கிட்டயே தங்கிடுச்சு" என்றேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. "வயசாவுதுல்ல" என்று ஓனர் சிரித்தார். பாரிவாக்கத்துக்காரர், "மனசுல வெச்சிக்காதீங்க பாய்" என்று கையை நீட்டினார். பாய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே என்னிடம், "உடுங்க சார், மறதி யாருக்கும் வர்றதுதான்" என்றார்.

அத்தோடு திரும்பியிருந்தால் தீர்ந்திருக்கும். அவர் எனக்காகச் சமாதானம் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"மறதி இல்ல. கையெழுத்துப் போட்ட பிறகு தெரிஞ்சேதான் எடுத்தேன். நேத்து இவர் வந்து கேட்டப்பவும் அது வீட்டுலதான் இருந்துச்சு."

பாரிவாக்கத்துக்காரர் என்னைப் பார்த்து, "கொழந்தைய பாத்துக்கினேதான சொன்னீங்க பெரியவரே" என்றார்.

பாய் ஜாக்கியைத் தூக்கிப் பார்த்தார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஒண்ணு வெச்சிருப்பேன் சார். பின்னாடி பன்னெண்டு ஜாக்கி சும்மா கெடக்குது."

வெளியே நின்ற என் பழைய காரின் டிக்கியைத் திறந்து ஜாக்கியை வைத்தார். பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்துவந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே தொட்டுக் காட்டுங்க சார்."

நான் குனிந்து ஸ்டெப்னியைத் தொட்டேன். அவர் அழுத்திப் பார்த்து எழுதினார். ஜாக்கியைத் தொட்டேன். ஸ்பேனரைத் தொட்டேன். வேடிக்கை பார்த்தவர்களும் அருகில் வந்துவிட்டார்கள்.

"ரெண்டாவது சாவி?"

"அது என்னாண்ட கீது பாய்" என்றார் பாரிவாக்கத்துக்காரர்.

"அவரு சொல்லட்டும்."

"அன்னிக்கே குடுத்துட்டேன்" என்றேன். பாரிவாக்கத்துக்காரர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் காட்டும் வரை பாய் பேனாவைத் தாளில் வைக்கவில்லை.