ரியாத்தில் இன்று வெயில்

ஹட்டனிலிருந்து டயகம போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்தவர், தேயிலைக் கொழுந்து பறித்து விரல் நுனிகள் கறுத்துப்போன ஒரு பெண். சிக்னல் போய்விடும் வளைவுக்கு முன்பே கைப்பேசியில் வானிலைச் செயலியைத் திறந்தார். வெளியே மழை. திரையில் ரியாத், நாற்பத்து மூன்று பாகை.

“மக அங்க வீட்டு வேலைக்குப் போனா சேர். ஒரு வருஷமா போன் இல்ல. இதப் பார்த்தா, இன்னிக்கு அவ தொவச்ச துணி சுருக்கா காஞ்சிரும்னு தெரியுமில்ல.”

“இன்னும் ரியாத்திலதான் இருக்காங்களா?”

“வேற வீட்டுக்கு மாத்திட்டாங்களாம். எந்த ஊருன்னு ஏஜென்சிக்காரன் சொல்லலீங்க. எனக்கு இந்த ஒரு ஊருதான தெரியும்.”

வளைவில் சிக்னல் போனது. நாற்பத்து மூன்று திரையில் அப்படியே நின்றது. இறங்கும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து என் கைப்பேசியிலும் ரியாத் இருக்கிறது. இன்றும் அங்கே வெயில்தான்.