காற்றை அடைத்த அறை

பினாங்கில் குளிர் தாங்காமல் தவித்தேன் என்று சொன்னால் ஜனங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் வியர்வைதான். ஆனால் கல்யாணமாகி இரண்டாம் ஆண்டு நான் குடிபோனது ஊருக்குள் அல்ல, கொடிமலையின் உச்சிக்கு.

மலை ரயில் அப்போது இல்லை. துரைமார்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலிகள் தோளில் சுமந்து ஏற்றிய காலம். என் கணவர் மேலே ஒரு துரையின் பங்களாவுக்குக் காவல்காரர். துரை குடும்பம் வெயில் மாதங்களில் வந்து தங்கிவிட்டு, மழை பிடிக்குமுன் இறங்கிவிடும். பிறகு அந்தப் பெரிய வீடு பூட்டிக் கிடக்கும். அதன் பின்புறம், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் அறையும் ஒரு சின்னச் சமையல்கட்டும் எங்களுக்கு.

பங்களாவின் கூடத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. நான் நின்றபடி நுழையலாம், அவ்வளவு பெரியது. சாவிக்கொத்து எங்கள் அறை ஆணியில்தான் தொங்கியது. ஆனால் உள்ளே போகக்கூடாது என்பது துரையின் உத்தரவு. "புகைபோக்கியில புகை வந்தா எதிர் பங்களாவுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் வேல போயிரும்" என்பார் கணவர். அதனால் நான் அந்தக் கூடத்தை ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கதவைத் திறந்தால் வெள்ளையாக நுழைந்து, பாயை, தலையணையை, பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையைக்கூட ஈரமாக்கிவிட்டுப் போகும். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. எங்களுக்குத் தெரிந்த வழிகளில் சமாளித்தோம். துரை வீட்டில் எறிந்த இஞ்சி பீர் கல்போத்தல்களில் வெந்நீர் ஊற்றித் தக்கையால் அடைத்து, பழந்துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்வோம். செங்கல்லை அடுப்பில் போட்டுச் சுட்டு, அதையும் துணியில் பொதிந்து படுக்கைக்குள் தள்ளுவோம். சாக்குகளைப் பிரித்துத் தைத்து, நடுவில் இலவம்பஞ்சு அடைத்துப் போர்வை செய்தேன். ஆறு மாதக் கைக்குழந்தையான என் மகளை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் நாங்கள் படுத்துக்கொண்டால் போதும். முதல் மழைக்காலம் அப்படியே கழிந்திருக்கும்.

அப்போதுதான் கடலுக்கு அக்கரையிலிருந்த நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், பால் வெட்டிப் பிழைத்தவர். குளிர்காய்ச்சல் அவரைப் பிடித்து ஆறேழு மாதமாக விடவில்லை. அதற்குக் கொய்னா மாத்திரை தின்று தின்று காது மந்தமாகிவிட்டது. மலைக்காற்று பட்டால் காய்ச்சல் போகும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னாராம். இரண்டு கூலிகள் அவரைத் தொட்டில்போலக் கட்டித் தூக்கிவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

காய்ச்சல் வரும் நாட்களில் அவர் நடுங்குகிற நடுக்கத்தில் கயிற்றுக் கட்டிலின் கால்கள் பலகைத் தரையில் தடதடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் சமையல்கட்டுவரை கேட்கும். நாங்கள் வைத்திருந்த போர்வை எல்லாம் போட்டு மூடினாலும், "காத்து வருது, எங்கிருந்தோ காத்து வருது" என்பார்.

அந்தக் காற்றைத் தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. காய்ச்சல் விட்டிருக்கும் நாட்களில் எழுந்து, பலகைச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போவார். எங்கே சில்லென்று பட்டதோ அங்கே துணியைத் திணிப்பார். துணி தீர்ந்ததும் துரை வீட்டுப் பழைய செய்தித்தாள்களைக் கேட்டார். மரவள்ளி மாவில் பசை காய்ச்சி, அறைச் சுவர் முழுவதும் தாள் ஒட்டினார். தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைச் சாக்கால் அடைத்தார். இருந்த ஒரே ஜன்னலும் அடைபட்டது. பகலிலும் விளக்கேற்ற வேண்டியதாயிற்று.

"அக்காவுக்குச் சூடு வேணும். கொஞ்ச நாள்தானே" என்றார் என் கணவர். தாயில்லாத அவரை வளர்த்தது இந்த அக்காதான். அதனால் நான் தடுக்கவில்லை.

பிறகு கரி அடுப்பு உள்ளே வந்தது. மண் அடுப்பு, கையளவு கரி. புகையே இல்லை. சிவந்த கனல் மட்டும். முதல் நாள் எனக்கே அது சுகமாக இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. குழந்தையின் பாதம் முதல்முறையாக வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் எனக்குத் தலை பாரமாக வலித்தது. கணவருக்கும் அப்படியே. குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. வெளியே கொண்டுவந்து கொஞ்ச நேரம் தோளில் போட்டு நடந்ததும் சிணுங்கிக் குடித்தது. மேகத்தின் ஈரம் தலையில் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். எங்களோடு படுக்கும் பூனை அதற்குப் பிறகு அறை வாசலைத் தாண்டவில்லை. விளக்கின் திரியை முழுதாகத் தூண்டியிருந்தும் சுடர் சுருங்கிச் சுருங்கி எரிந்தது. அக்காவின் கன்னம் மட்டும் சிவந்து, பார்க்க நன்றாக இருந்தது. "பாத்தியா, நிறம் வந்திருச்சு" என்று கணவர் சந்தோஷப்பட்டார்.

மலையடியில் உள்ள ஆயர் ஈத்தாமிலிருந்து வாரம் ஒருமுறை, தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரு முனையிலும் கரிக்கூடைகளைத் தொங்கவிட்டு ஏறிவரும் சீனர் ஒருவர் இருந்தார். அந்த வாரம் கூடையை இறக்கிவிட்டு எங்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தார். உடனே பின்வாங்கினார்.

"பிந்து பூக்கா லா! பூக்கா!" என்றார். கதவைத் திற, திற என்று மலாயில். என் மகளைக் காட்டி, கழுத்தைத் தொட்டுக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "அவன் காட்டுல கரி மூட்டம் போடுற ஆளு, அங்க புகை. இங்க எங்க புகை?" என்று அவர் கேட்டார். அன்றிலிருந்து நானும் குழந்தையும் சமையல்கட்டில் படுத்தோம். அங்கே கதவே கிடையாது, ஒரு சாக்குப் படுதாதான். குளிர் எலும்பைக் குடைந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கணவரும் எங்களோடு வந்து படுத்தார். அக்கா அதைத் தன்னை ஒதுக்கிவைத்ததாக எடுத்துக்கொண்டார்.

அரிசி வாங்கக் கணவர் ஊருக்கு இறங்கிய ஒரு நாள். விடியற்காலையிலிருந்தே மழை. அக்காவுக்கு அது காய்ச்சல் முறை வருகிற நாள். நான் பங்களாவின் பின் தாழ்வாரத்தில் குழந்தையின் துணிகளை உலர்த்தப் புறப்பட்டேன்.

"புள்ளைய இங்க போட்டுட்டுப் போ. ஈரத்துல ஏன் தூக்கிட்டு அலையிற? இங்க சூடா இருக்கு" என்றார் அக்கா.

"வேணாங்கா. எங்கூடவே இருக்கட்டும்."

"எங்கிட்ட இருந்தா என் நோவு ஒட்டிக்கும்னு பாக்குறியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலதான். தனியா படுக்கையப் போட்டுக்கிட்டியே, அது போதாதா?"

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறினேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டதும், அதன் அடியில் துணி திணிக்கப்படுகிற சரசரப்பும் கேட்டது.

துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டுத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கதவருகே நின்று, "அக்கா, கஞ்சி வைக்கட்டுமா?" என்றேன். பதில் இல்லை. "அக்கா!" என்று உரக்கக் கூப்பிட்டேன். காது மந்தம், தெரியும். ஆனால் கோபம் என்றுதான் நினைத்தேன். இருக்கட்டும், எத்தனை நேரத்துக்கு இப்படி முறுக்கிக்கொண்டு இருக்கிறார் பார்ப்போம் என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். தண்ணீர் கொதிக்கவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு குவளை வரக்காப்பி கலந்து, அடுப்பருகில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தேன்.

குவளை காலியாகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. காய்ச்சல் முறை வரும் நாள். கட்டில் ஆடவில்லை. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்குக் கீழே வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு ஓடினேன். கதவு அசையவில்லை. தோளால் இடித்தேன். அடியில் இருந்த துணி சுருண்டு முதலில் ஒரு சாண், பிறகு பாதி திறந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று வெப்பமாக, வாசமே இல்லாமல் முகத்தில் மோதியது. விளக்கு அணைந்திருந்தது. மூலையில் கனல் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அக்கா கட்டிலில் மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தார். முகத்தில் அப்படியொரு அமைதி. போர்வையை இழுத்தேன், கையைத் தூக்கினேன். கை விழுந்தது.

அவர் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தரதரவென்று இழுத்து, படியில் இடித்து, வெளியே மழைப்புல்லில் போட்டேன். ஆறேழு மாதமாக ஒரு துளி காற்றுக்குப் பயந்த உடம்பின்மேல் மழை கொட்டியது. கன்னத்தில் அறைந்தேன். "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அந்த மழையில் எதிர் பங்களாவுக்கும் கேட்டிருக்காது. சமையல்கட்டில் குழந்தை வீறிட்டு அழுதது. நான் போகவில்லை.

நெடுநேரம் கழித்து அவர் தொண்டையில் ஒரு கரகரப்பு எழுந்தது. வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யாரென்று தெரிந்த பார்வையாக இல்லை.

"சூடா இருந்துச்சு. இப்பதான் சூடா இருந்துச்சு. ஏன் எழுப்பின?" என்றார்.

கணவர் அந்திக்குமுன் வந்துவிட்டார். நான் சொன்னதைக் கேட்டு அரிசி மூட்டையை மழையிலேயே போட்டுவிட்டு, அறைக்குள் புகுந்து தாளையெல்லாம் நகத்தால் கிழித்தார். பிறகு ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்களாவைத் திறந்து, துரையின் கணப்பில் விறகடுக்கித் தீ மூட்டி, அக்காவைத் துரை வீட்டுப் போர்வைகளில் சுற்றி அதன் முன்னால் கிடத்தினார். புகை மேலே போனது. மூன்று நாள் அந்தத் தீயை அவர் அணையவிடவில்லை.

மூன்றாம் நாள், கணவர் விறகு பிளக்கப் போயிருந்தபோது, அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பேச்சு இன்னும் குழறியது.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு புள்ள. ரெண்டு தரம் கூப்பிட்ட. நாக்க அசைக்க முடியல. அப்புறம் நீ போயிட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காப்பி குடித்ததைச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் போனேன் என்றாவது சொல்லியிருக்கலாம். தீக்குள் ஒரு விறகைத் தள்ளிவைத்தேன்.

"தம்பிகிட்ட நான் சொல்லல" என்றார் அவர். மன்னிப்பா, மிரட்டலா என்று அந்தக் குரலிலிருந்து எனக்கு விளங்கவில்லை. தீயின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எதிர் பங்களாக்காரர்கள் புகையைப் பார்த்திருந்தார்கள். பத்து நாளில் கீழேயிருந்து கடிதம் வந்தது. வேலை போயிற்று. மூட்டை முடிச்சோடு இறங்கி, ஊருக்குள் ஒரு கடைவீட்டு மாடியில் அறை பிடித்தோம். கணவர் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். அந்த அறையில் ஒரே புழுக்கம். நான் ஒருநாளும் ஜன்னலைச் சாத்தியதில்லை, சாரல் அடித்துப் பாய் நனைந்தாலும்.

அக்கா எங்களோடு தங்கவில்லை. தோட்டத்துக்கே திரும்புகிறேன் என்று பிடிவாதமாக நின்றார். காய்ச்சல் அடியோடு போகவில்லை, ஆனால் இடைவெளி விட்டு வந்தது. ஞாபகம்தான் தப்பித் தப்பிப் போயிற்று. அக்கரைக்குப் போகும் படகுத்துறையில், என் மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதன் கால்களைத் தன் முந்தானையால் மூடினார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"காத்து வருது, புள்ளைக்குக் குளிரும்" என்றார்.

நான் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் அவசரமாகவே வாங்கினேன் போலிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினார்.