மருந்து படாத வண்டைத் தேடி: உத்திரமேரூரில் மூன்று நாள்

சென்ற தை மாதக் கடைசியில், என் பழைய பதிவொன்றின் கீழே ஒரு பெண் பின்னூட்டம் இட்டிருந்தார். 'சார், கோழி ஷெட்ல மருந்து அடிச்சும் வண்டு சாகல. டபுள் டோஸ் அடிக்கலாமா? வியாழக்கிழமை குஞ்சு வருது.' பெயர் சுகுணா, ஊர் காவாந்தண்டலம். அடிக்க வேண்டாம் என்று நீளமாகப் பதில் எழுதினேன். எழுதியபின் தூக்கம் வரவில்லை. நான் கல்லூரியில் பூச்சியியல் பாடம் நடத்தியவன்; பண்ணையில் வேலை செய்தவன் அல்ல. திங்கட்கிழமை காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்கு 7.10 பேருந்து, ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து காவாந்தண்டலத்துக்கு ஆட்டோ, 300 ரூபாய். பேருந்தும் உண்டு, ஆனால் நேரத்தை நம்ப முடியாது. நீர் வடிந்த ஏரியும் அறுப்பு முடிந்த வயலுமாக வழி நெடுக வெறிச்சோடிக் கிடந்தது. ஓட்டுநர் என் மடியிலிருந்த காலி ஜாடிகளைப் பார்த்தார்.

"இன்னா சார், தேன் வாங்கவா?"

"வண்டு பிடிக்க."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

சுகுணாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்கு ஒரகடம் தொழிற்சாலையொன்றில் ஷிப்ட் வேலை. ஷெட் இவர் பொறுப்பு. கோழிக் கம்பெனி குஞ்சும் தீவனமும் தரும், இவர் வளர்த்துக் கொடுத்துக் கூலி வாங்குவார். கோழி ஏற்றிப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. சுவரோரம் கிடந்த பழைய உமியைக் காலால் தள்ளினார். அரிசி அளவுள்ள கறுப்பு வண்டுகள் தண்ணீர் போல ஓடின. குஞ்சுகள் தீவனத்தை விட்டு இவற்றைப் பொறுக்கித் தின்னும், நோயும் பரவும்.

"ரெண்டு வாட்டி அடிச்சிட்டேன் சார். அப்பவும் ஓடிக்கினே கீதுங்க. டீலரு வேற மருந்து குடுத்துக்கீறாரு."

இரண்டு புட்டிகளையும் வாங்கிப் பார்த்தேன். பெயர் வேறு, படம் வேறு. உள்ளே இருந்தது ஒரே மருந்துதான். அதைச் சொல்லி, வண்டு இதற்குப் பழகிவிட்டது, வேறு வழி பார்க்கும்வரை குஞ்சு இறக்க வேண்டாம் என்றேன். உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். "என்று நினைக்கிறேன்" என்று சேர்த்துவிட்டேன்.

"குஞ்சு வேணான்னு சொன்னா அடுத்த வாட்டி குஞ்சு எறக்குற லிஸ்ட்ல நம்ம பேரே இருக்காது சார். நெனைக்கிறேன்னா எப்படி?"

நியாயம்தான். டீலர் கொடுத்த புதுப் புட்டியிலிருந்து கொஞ்சம் மருந்தும் ஒரு ஜாடி வண்டும் வாங்கிக்கொண்டு உத்திரமேரூர் விடுதிக்குத் திரும்பினேன். வாடகை 650. ஒற்றைக் கட்டில் அறை இல்லை. கட்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஜாடிகள். புட்டியில் எழுதிய அளவுப்படி மருந்து கலந்து, தாளை நனைத்து, காயவைத்து, ஜாடியில் இட்டுப் பத்து வண்டுகளை விட்டேன். செவ்வாய் காலை பத்தும் நடந்துகொண்டிருந்தன.

எனக்கு உடனே என்மேல்தான் சந்தேகம். கலக்கியதில் பிழையோ? மருந்தே சத்தில்லாததோ? இதைத் தீர்க்க ஒரே வழி, மருந்தே படாத வண்டுகளை இதே தாளில் விட்டுப் பார்ப்பது. ஆனால் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் எல்லாரும் இதே மருந்தைத்தான் அடிக்கிறார்கள். இந்த வண்டு பழைய தானியத்திலும் வாழும் என்பது நினைவுக்கு வரவே, பெருநகர் என்ற ஊருக்குப் பேருந்து ஏறினேன். பதினைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அங்கே ஒரு தானிய மண்டிக்குள் நுழைந்து, முன்பின் யோசிக்காமல், "உங்கள் கடையில் வண்டு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன்.

கடைக்காரர் பாய் எழுந்தே நின்றுவிட்டார். "காலங்காத்தால இன்னா பேச்சு பெரியவரே இது? யாரு அனுப்புனாங்க உங்கள? எதிர்க்கடைக்காரனா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நான் ஜாடியைக் காட்டி, தட்டுத் தடுமாறி, சுகுணாவின் வியாழக்கிழமையைச் சொன்னேன். பாய் சிரித்தவர்களை வேலைக்கு விரட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கடையில ஒண்ணும் கெடையாது. பின்னால நாட்டுக்கோழி கூண்டு கீது. கூட்டுன நெல்லெல்லாம் அங்கதான் கொட்றது. மருந்துன்னு ஒரு சொட்டு போட்டதில்ல, நாங்க துன்ற கோழி. வேணுன்றத அள்ளிக்கினு போங்க. ஊர்ல மட்டும் சொல்லிடாதீங்க."

அதனால்தான் கடையின் பெயரை எழுதவில்லை.

அன்று மாலை இரண்டு ஜாடிகள். ஒரே கலவை, ஒரே தாள். மருந்தில்லாத தாளில் இரு வகையிலும் கொஞ்சம் தனியாக விட்டேன். புதன் காலை பெருநகர் வண்டுகள் பத்தும் மல்லாந்து கிடந்தன. காவாந்தண்டலத்துப் பத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை. மருந்தில்லாத தாளில் எல்லாம் உயிரோடு இருந்தன. மருந்தில் குறையில்லை, வண்டுகள் அதை மீறிவிட்டன. நான் சரி என்று தெரிந்தும் சொல்வதற்கு அறையில் ஆளில்லை.

காவாந்தண்டலம் போய் நீட்டிய ஜாடிகளைச் சுகுணா நெடுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டு பங்கு ஊத்துனா?"

"தாங்குகிறது மட்டும் மிஞ்சும் அம்மா. அடுத்த தடவை ஷெட் முழுக்க அதன் பிள்ளைகளாக இருக்கும்."

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"இருக்கலாம். நான் பார்த்தது இரண்டு ஜாடிதான்."

அவர் சிரித்துவிட்டார். "டீலரு ஒரு வண்டு கூட பாக்கலியே சார்." பிறகு என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டு, நாளை குஞ்சு வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்துக் கத்தல் எனக்கே கேட்டது. "கத்தட்டும்," என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியைத் தேடினார்.

இதே தொல்லை உள்ளவர்களுக்கு: பெயரைப் பார்த்து மருந்தை மாற்றாதீர்கள், உள்ளே என்ன மருந்து என்று பாருங்கள். கோழி ஏற்றியவுடன், ஷெட்டில் சூடு இருக்கும்போதே உமியை முழுக்க வாரிவிடுங்கள். ஆறிவிட்டால் வண்டுகள் சுவர் வெடிப்புக்குள் போய்விடும். வாரியதை வயலில் அப்படியே கொட்டாமல் தார்ப்பாயால் மூடி, உள்சூட்டிலேயே வேகவிடுங்கள். வெடிப்புகளைச் சிமெண்டால் அடையுங்கள். வேறு வகை மருந்தைக் கால்நடை மருத்துவரைக் கேட்டு அடியுங்கள். என்னைப் போல வண்டு பிடிக்கப் போவோர் கண்ணாடி ஜாடி கொண்டு போங்கள். இவை தெர்மகோலையே குடைபவை.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. சுகுணா ஞாயிறுதோறும் கூப்பிட்டு, சுவரோரம் வைத்த அட்டைப்பொறியில் எத்தனை வண்டு என்று சொல்கிறார். நேற்று மூன்று. கம்பெனி கூப்பிட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"இன்னும் கூப்புடல சார். பாப்போம். நீங்க சாப்டீங்களா?"

மணி மூன்றாகியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்திருக்கவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.