சட்டத்தரணியின் கட்டைப் பென்சில்

என் மேசை லாச்சியில் ஒரு கட்டைப் பென்சில் கிடக்கிறது. பச்சை நிறம். பின்பக்கம் பல்லுத் தடம். பல் என்னுடையதல்ல, ஒரு ஜேர்மன் சட்டத்தரணியுடையது. போன கிழமை பாரிசில் ரூ பஜோல் தெருவில் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஜேர்மனியிலிருந்து போன் வந்தது. அந்தக் காலத்தில் என் அகதி வழக்குக்கு மொழிபெயர்த்த அண்ணை. "லோயர் போயிட்டார், தம்பி. ரீவியிலை காட்டினவங்கள்" என்றார். ஓம் என்றேன்.

லோயரை முதன்முதல் பார்த்தபோது, பாண் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவருடைய கந்தோர். அகதி வழக்குகளே அதிகம். நான் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் பாடமாக்கித் தந்த கதையை ஒப்புவித்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இந்தக் கதை இந்தக் கிழமை நாலாவது தரம் கேக்கிறாராம். உம்மடை கதையைச் சொல்லட்டாம்" என்று அண்ணை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். சொன்னேன். மூன்று நாள் எடுத்தது. நான் அழுத இடத்திலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. கடைசி நாளில் தன்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். தகப்பன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. எங்கே, எப்படிச் செத்தார் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இடிந்த வீடுகளின் கல்லைத் தாய் பொறுக்க, அவர் பக்கத்தில் இருந்து வளர்ந்தார், சட்டம் படித்தார். எழுதாவிட்டால் நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றார்.

எனக்கு விசா கிடைத்தது. சில வருடத்தில் அவர் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். தேர்தல் நேரம் அவர் முகம் தெருவெல்லாம் தொங்கியது. "எங்கடை லோயர் லைற் போஸ்டிலை நிக்கிறார்" என்று பகிடி விட்டோம். அங்கே அகதிகளுக்காக அவர் பேசியதை ரீவியில் பார்த்தேன். மொழி பாதிதான் விளங்கியது. சொந்தக் கட்சிக்காரரே கை தட்டவில்லை என்பது விளங்கியது.

பிறகு என் தம்பி வந்தான். விசாரணைக்கு முன் என் கதையை அவனுக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன்.

"அண்ணை, எனக்கு நடந்தது வேறை."

"உன்ரை கதையை ஆர் கேக்கப்போறாங்கள்? இது கேஸ் வெண்ட கதை. இதைச் சொல்லு."

அவன் பாடமாக்கினான். அவன் வழக்கை மறுத்துவிட்டார்கள். பிடித்து வைத்து, திருப்பி அனுப்ப விமானத்துக்கு நாளும் குறித்தார்கள். அதற்கு முதல்நாள் பின்னேரம் அவனுடைய தாள்களோடு சட்டத்தரணியிடம் ஓடினேன். இப்போது பெரிய கந்தோர்; எனக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மந்திரிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினால் நிறுத்தலாம் என்று ஆட்கள் சொல்லியிருந்தார்கள். வாசித்தார். பென்சிலைக் கடித்தார். "இது உன் கதை, நான் எழுதியது" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். வெறுந்தாள் ஒன்றை எடுத்தார். "உன் தம்பிக்கு உண்மையில் என்ன நடந்தது? சொல், இப்போதே எழுதுகிறேன்."

வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. தெரிந்ததை எழுது என்று பென்சிலை என் பக்கம் தள்ளிவிட்டு, அவர் போனை எடுத்து யார் யாரிடமோ அவகாசம் கேட்டார். எல்லோரும் காரணம் கேட்டார்கள். அவரிடம் காரணம் இல்லை. தம்பியோடு பேசவும் விடவில்லை. தாள் வெறுமையாகவே கிடந்தது. வெளியே வந்தபோது பென்சில் என் கையில் இருந்தது.

தம்பி கொழும்பில் இறங்கினான் என்பது வரை தெரியும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஜேர்மனியில் என்னால் இருக்க முடியவில்லை. பாரிசுக்கு வந்தேன். ரெஸ்ரோரண்ட் குசினிகளில் கோப்பை கழுவினேன்.

நேற்று லாச்சப்பல் தமிழ்க் கடையொன்றில் ஒரு கொப்பி வாங்கினேன். பென்சிலைச் சீவினேன். தம்பியின் பெயரை எழுதினேன். பிறந்த நாளை எழுதினேன். மூன்றாவது வரிக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.